த்ரீ பாயிண்டர் ஒன்றே ஒன்று, புள்ளிகள் 38,387: கரீம் அப்துல் ஜப்பாரின் கணக்கு

கேள்வி இதுதான்: "லெப்ரான் ஜேம்ஸ் முறியடிக்கும்வரை அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் கரீம் அப்துல் ஜப்பார். ஆனால் அவருக்கு த்ரீ பாயிண்டரே வராது என்கிறார்களே, பிறகு எப்படி 38,387 புள்ளிகள் வந்தன? அவர் ஆட்ட வாழ்க்கையில் முக்கியமான கட்டங்கள் எவை?"

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 20 சீசன்களில் கரீம் உள்ளே போட்ட ஷாட்டுகள் 15,837. அதில் ஒன்றே ஒன்றுதான் த்ரீ பாயிண்டர் (தூரத்தில் போட்ட கோட்டுக்கு வெளியிலிருந்து போடும், மூன்று புள்ளி தரும் ஷாட்). மீதி 15,836-ஐ இரண்டால் பெருக்கினால் 31,672. அந்த ஒற்றை த்ரீயின் 3 புள்ளிகளையும், ஃப்ரீ த்ரோவில் (எதிராளியின் விதிமீறலுக்கு ஈடாக, யாரும் தடுக்காமல் போடக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட்) வந்த 6,712 புள்ளிகளையும் கூட்டினால் சரியாக 38,387. த்ரீ பாயிண்டருக்காக அவர் முயன்றதே மொத்தம் 18 தடவைதான். அதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. என்.பி.ஏ.வில் அந்தக் கோடு போடப்பட்டதே 1979-80 சீசனில்தான். அதற்குள் அவர் பத்து சீசன் ஆடி முடித்திருந்தார். லெப்ரான் 2023 பிப்ரவரி 7 அன்று ஒக்லஹோமா சிட்டி அணிக்கு எதிராக அவரைத் தாண்டியபோது, லெப்ரானின் கணக்கில் 2,200-க்கும் மேல் த்ரீ பாயிண்டர்கள் இருந்தன. அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கூடுதல் என்று வைத்தால் 2,200 புள்ளிகளுக்கும் மேல் அந்தக் கோட்டால் கிடைத்தவை. இன்னொரு பக்கம், கரீமுக்கு 1,560 ஆட்டங்கள் தேவைப்பட்ட இடத்தை லெப்ரான் 1,410-வது ஆட்டத்திலேயே எட்டிவிட்டார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

இனி பலர் கவனிக்காத ஒன்று. கரீம் ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகபட்சப் புள்ளிகள் 55. அவ்வளவுதான். வில்ட் சேம்பர்லேன் ஒரு ஆட்டத்தில் 100 எடுத்தவர். 60-ஐத் தொட்ட அல்லது தாண்டிய ஆட்டங்கள் மட்டும் அவருக்கு 32. கோபி பிரயன்ட் 81 எடுத்திருக்கிறார். கரீமோ 60-ஐ ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அதனால் "இந்த ராத்திரி இத்தனை எடுத்தார்" என்ற பட்டியலில் அவரைத் தேடினால் ஏமாற்றம்தான். அவர் சாதனை உயரத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. 38,387-ஐ 20-ஆல் வகுத்தால் சீசனுக்கு 1,919 புள்ளிகள் வரும். 1969-70 முதல் 1985-86 வரை 17 சீசன்களிலும் அவருடைய ஆட்டச் சராசரி ஒருமுறைகூட 21.5-க்குக் கீழே இறங்கவில்லை. உச்சம் 1971-72-ல் 34.8. 1977 டிசம்பரில் தொடங்கி 1987 டிசம்பர் வரை, தொடர்ந்து 787 ஆட்டங்களில் இரட்டை இலக்கப் புள்ளிகள் எடுத்தார். பத்து வருஷம், ஒரு சொதப்பல் ஆட்டம்கூட இல்லாமல். பிறகு மைக்கேல் ஜோர்டன் இதைத் தாண்டினார். கரீமின் தொடர் அறுந்தது மில்வாக்கியில், அவர் தொழில்முறை ஆட்டம் தொடங்கிய அதே ஊரில், 7 புள்ளிகளோடு.

இப்படிப்பட்ட சமதளமான வரைபடத்துக்குக் காரணம் ஒரே ஒரு ஷாட்: ஸ்கை ஹுக், அதாவது பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் நீட்டிப் போடுவது. அதை விவரமாகப் பார்க்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

வலது கைக்காரர் ஒருவர் ஸ்கை ஹுக் போடும் இடத்திலிருந்து தொடங்குவோம். வளையத்தைப் பார்த்து நின்றால், வளையத்துக்கு முன்னால் தரையில் வரைந்திருக்கும் ஃப்ரீ த்ரோ கட்டத்தின் இடது ஓரத்தில், வளையத்துக்குப் பக்கமாகத் தரையில் இருக்கும் சின்ன அடையாளத்துக்குச் சற்று மேலே. கரீமுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அங்கே வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். அப்படி நின்றால் மைதானத்தின் நடுப்பகுதி அவருடைய இடது கைப் பக்கம் இருக்கும். பந்தை நெஞ்சுக்கு மேலே பிடிப்பார், அதற்குக் கீழே இறக்க மாட்டார். நெட்டையானவர்கள் செய்யும் முதல் தப்பே இங்கேதான்: பந்து இடுப்புக்கு வந்தால் ஆறடி கார்டுகூட (பந்தை நடத்தும் குட்டையான ஆட்டக்காரர்) தட்டிவிடுவான்.

அடுத்தது முதுகால் பார்ப்பது. பின்னால் நின்று தடுக்கும் டிஃபண்டர் எந்தத் தோள்பட்டைப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது உரசலிலேயே தெரிந்துவிடும். பேஸ்லைன் (வளையத்துக்குப் பின்னால் இருக்கும் எல்லைக் கோடு) பக்கம் சாய்ந்திருந்தால் நடுப்பக்கம் திறந்திருக்கிறது. உடனே இடது காலை நடுப்பக்கமாக ஒரு நீளமான எட்டு வைக்க வேண்டும். அந்த ஒரு எட்டில் உடம்பு பக்கவாட்டுக்குத் திரும்பி, இடது தோள் வளையத்தை நோக்கி நேராக நிற்கும். டிஃபண்டர் இப்போது இடது தோளுக்கு அந்தப்பக்கம். பந்து வலது தோளுக்கு இந்தப்பக்கம். நடுவில் கரீமின் முழு உடம்பும், மடக்கி வைத்த இடது முழங்கையும் இருக்கிறது. அந்த இடது கை மடங்கியே இருக்க வேண்டும். நீட்டித் தள்ளினால் நடுவர் விசில் அடித்துவிடுவார்.

பிறகு இடது காலில் எகிறி, வலது முழங்காலை உயர்த்த வேண்டும். லே-அப்புக்கு (ஓடிவந்து வளையத்துக்குப் பக்கத்தில் போடும் ஷாட்) எகிறுவது போலத்தான். பந்து இரண்டு கையிலும் இருந்தபடியே வலது தோளுக்கு மேல் வரை போகும், அதற்குப் பிறகுதான் இடது கை விலகும். வலது கை காதை ஒட்டி நேராக மேலே போய், முழங்கை முழுதாக நீண்டதும், மணிக்கட்டு மடிந்து விரல் நுனியால் பந்து விடுபடும். கரீமின் உயரம் 2.18 மீட்டர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். நீட்டிய கையோடு எகிறும்போது பந்து அவர் விரலை விட்டுப் பிரியும் புள்ளி வளையத்துக்கும் மேலே. அங்கிருந்து பந்து இன்னும் மேலேறித்தான் இறங்கும். இறங்கத் தொடங்கிய பந்தை டிஃபண்டர் தொட்டால் கோல்டெண்டிங், புள்ளி கரீமுக்கு. ஆக, தடுக்க நினைப்பவருக்குக் கிடைப்பது பந்து விரலை விட்டுப் பிரிந்த பிறகு வரும் அந்த ஒரு நொடித் துணுக்கு மட்டும். அந்த நேரத்தில் பந்து அவரிடமிருந்து ஒரு ஆள் அகலமும் ஒரு கை நீளமும் தள்ளி இருக்கும்.

பழைய காலத்து ஹுக் ஷாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பழைய முறையில் கையைப் பக்கவாட்டில் அகலமாக விரித்து, ராட்டினம் போலச் சுற்றி எறிவார்கள். அதில் பந்து போகும் பாதை இடமும் வலமும் அலையும். எந்தக் கணத்தில் விடுகிறோம் என்பதைப் பொறுத்துத் திசையே மாறிவிடும். கரீமுடைய கை வளையத்துக்கு நேர்கோட்டில், கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போகும். திசையில் தப்பு வர வழி குறைவு. தூரத்தை மட்டும் மணிக்கட்டு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் வளையத்துக்குக் கீழே மட்டுமல்லாமல் நான்கு மீட்டருக்குப் பக்கம் தள்ளி நின்றும் அவரால் இதைப் போட முடிந்தது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது கெட்டுப்போகும் இடங்கள் சில. வளையத்தைத் தாமதமாகப் பார்ப்பது ஒன்று: தலை முதலில் திரும்ப வேண்டும், இடது தோளுக்கு மேலாகக் கண் வளையத்தைப் பிடித்த பிறகுதான் பந்து கிளம்ப வேண்டும். பலர் பந்தோடு சேர்த்துத் தலையைத் திருப்புவார்கள், ஷாட் குறுகிவிடும். எகிறும்போது பக்கவாட்டில் மிதந்து போவது இன்னொன்று. இடது கால் வைத்த இடத்திலேயே, நேர் மேலே எகிறி, அங்கேயே இறங்க வேண்டும். பாதி மீட்டர் மிதந்தாலும் பந்து வளையத்தின் தூர விளிம்பில் பட்டுத் தெறிக்கும். மூன்றாவது, இடது தோள் வளையத்தைக் காட்டாமல் பேஸ்லைனையோ கூட்டத்தையோ காட்டுவது. கால் எட்டு குட்டையாக இருந்தால் இது நடக்கும், கையை எவ்வளவு திருத்தினாலும் சரிவராது.

இந்த ஷாட்டின் அஸ்திவாரம் கரீமுக்குச் சிறுவயதிலேயே விழுந்தது. 1947-ல் நியூயார்க்கில் பிறந்த அவருடைய அப்போதைய பெயர் லூ ஆல்சிண்டர். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பழகிய "மைக்கன் டிரில்" இன்றைக்கும் எல்லா ஊர் மைதானங்களிலும் நடப்பதுதான்: வளையத்துக்குக் கீழே நின்று, இடது காலில் எகிறி வலது கையால் வலப்பக்கமிருந்து ஒரு சின்ன ஹுக், பந்து தரையில் விழுவதற்குள் பிடித்து, வலது காலில் எகிறி இடது கையால் இடப்பக்கமிருந்து ஒன்று. பந்தைத் தரையில் தட்டக் கூடாது, கீழே இறக்கக் கூடாது, நிற்கக் கூடாது. வளையத்தின் அடியில் காலும் கையும் யோசிக்காமல் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பிறகு யு.சி.எல்.ஏ. கல்லூரியில், பயிற்சியாளர் ஜான் வுடனின் கீழ், மூன்று வருஷமும் மூன்று தேசியப் பட்டம். 88 வெற்றி, 2 தோல்வி. முதல் பட்டத்துக்குப் பிறகு, 1967-ல், கல்லூரி ஆட்டங்களில் டங்க் (எகிறிப் பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் திணிப்பது) செய்வதையே தடை செய்தார்கள். அந்தத் தடை 1976 வரை இருந்தது. அவரை மனதில் வைத்துப் போட்ட விதி என்றுதான் பரவலாகச் சொல்வார்கள். விளைவு எதிராகப் போனது: வளையத்துக்குப் பக்கத்தில் பந்து கிடைத்தும் டங்க் செய்ய முடியாத ஒருவர் வேறு என்ன செய்வார்? ஹுக்கை இன்னும் பட்டை தீட்டினார். என்.பி.ஏ.வில் டங்கும் சேர்ந்து திரும்பக் கிடைத்தபோது எதிரணிகளுக்கு இரட்டைத் தலைவலி.

1969 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் தேர்வு யாருக்கு என்பதை மில்வாக்கி பக்ஸுக்கும் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கும் நடுவில் நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். ஃபீனிக்ஸ் தலை கேட்டது, பூ விழுந்தது. முந்தைய சீசனில் 27 ஆட்டம் மட்டுமே ஜெயித்திருந்த மில்வாக்கி, அவர் வந்த முதல் வருஷமே 56 ஜெயித்தது. அடுத்த வருஷம் நட்சத்திர கார்டு ஆஸ்கர் ராபர்ட்சன் வந்து சேர்ந்தார். 66 வெற்றி, 16 தோல்வி, இறுதிச்சுற்றில் பால்டிமோரை 4-0. தொடங்கி மூன்றே வருஷமான அணிக்குப் பட்டம். அந்த 1971-ல்தான் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது, இறுதிச்சுற்று எம்.வி.பி. விருது, புள்ளிகளில் முதலிடம் மூன்றும் அவருக்கு வந்தன. பெயரையும் அந்த வருஷமே கரீம் அப்துல் ஜப்பார் என்று மாற்றிக்கொண்டார்.

1971-72 தனிப்பட்ட முறையில் அவருடைய மிகப் பெரிய சீசன்: ஆட்டத்துக்குச் சராசரி 34.8 புள்ளிகள், 16.6 ரீபவுண்டுகள் (உள்ளே விழாமல் தெறித்த பந்தைப் பிடிப்பது). லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்துக்கொண்டு வந்ததை 1972 ஜனவரி 9 அன்று நிறுத்தியதும் மில்வாக்கிதான். கரீம் 39 எடுத்தார். ஆனால் புகழ்பாடிகள் தாண்டிப் போய்விடும் ஒரு பகுதியும் இங்கேயே இருக்கிறது. வழக்கமான சீசனில் 57 சதவீதத்துக்கு மேல் ஷாட் போட்டவர், அந்த வருஷத்துப் பிளேஆஃபில் (சீசனுக்குப் பிறகு பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) 43.7 சதவீதத்துக்கு இறங்கினார். அடுத்த வருஷமும் அதே கதை: 42.8 சதவீதம், சராசரி 22.8. காரணம் இரண்டு பேர். முதலாமவர் கோல்டன் ஸ்டேட்டின் நேட் தர்மண்ட். அவர் ஸ்கை ஹுக்கைத் தடுக்கப் போகவே மாட்டார். பந்து வருவதற்கு முன்பே தொடையாலும் இடுப்பாலும் கரீமை அவருக்குப் பிடித்த இடத்திலிருந்து ஒரு எட்டு வெளியே தள்ளி நிறுத்திவிடுவார். ஷாட் அதேதான், தூரம் மட்டும் ஒரு எட்டு கூடுதல், சதவீதம் சரிந்துவிடும். இரண்டாமவர் சேம்பர்லேன். அந்த ஷாட்டை நேரடியாகத் தட்டிவிடக்கூடிய அபூர்வமான சிலரில் ஒருவர். 1972-ல் லேக்கர்ஸ் மில்வாக்கியை 4-2 என்று வெளியேற்றியது. தடுக்கவே முடியாத ஷாட் என்று ஸ்கை ஹுக்கைச் சொல்வது பாதி உண்மை. பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகு தடுப்பது கடினம். கிளம்புவதற்கு முன் தடுக்கலாம், அதற்கு தர்மண்ட் மாதிரி ஆள் வேண்டும்.

மில்வாக்கி காலத்தின் மிகச் சிறந்த ஒற்றை ஷாட் 1974 இறுதிச்சுற்று, ஆறாவது ஆட்டம், பாஸ்டனில். இரண்டாவது கூடுதல் நேரம். ஜான் ஹவ்லிசெக் பாஸ்டனை 101-100 என்று முன்னே கொண்டுபோய்விட்டார், மிச்சம் ஏழு நொடிகள்தான். டைம்-அவுட்டுக்குப் பிறகு பந்து கரீமுக்கு வந்தது. அவர் வலப்பக்க பேஸ்லைனை நோக்கி நகர்ந்து, பிடித்த இடத்திலிருந்து வெகுவாகத் தள்ளி, மூலைக்குப் பக்கத்திலிருந்து ஹுக் போட்டார். 102-101. ஏழாவது ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் மில்வாக்கி தோற்றது என்பதால் அந்த ஷாட்டுக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை.

உடம்பை இருபது வருஷம் ஓட வைத்ததைப் பற்றி எல்லோரும் யோகாவைச் சொல்வார்கள். உண்மைதான், 1970-களிலேயே யோகா செய்துகொண்டிருந்த மிகச் சில ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர். புரூஸ் லீயிடம் தற்காப்புக் கலையும் கற்றவர். ஆனால் காயக் கணக்கைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 20 சீசன்களில் ஆடியிருக்கக்கூடிய 1,640 வழக்கமான ஆட்டங்களில் அவர் தவறவிட்டது வெறும் 80. அதில் 37 ஆட்டங்கள் இரண்டே சீசன்களில் போனவை, இரண்டுக்கும் காரணம் அவருடைய சொந்த முஷ்டி. 1974-ல் சீசனுக்கு முந்தைய ஒரு ஆட்டத்தில் கண்ணில் இடிபட்டது. கோபத்தில் கூடைக் கம்பத்தைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டார். அந்த சீசனில் 65 ஆட்டங்களே ஆடினார். அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற கண்காப்புக் கண்ணாடி வந்தது. 1977-ல் சீசனின் முதல் ஆட்டம், ஆரம்பித்து இரண்டு நிமிடம், மில்வாக்கியின் கென்ட் பென்சன் வயிற்றில் முழங்கையால் இடித்தார். கரீம் திருப்பிக் குத்தியதில் மறுபடி கை உடைந்தது; 5,000 டாலர் அபராதம், 20 ஆட்டங்கள் வெளியே. இந்த இரண்டு கோபமும் இல்லாமல் இருந்திருந்தால், அன்றைய சராசரிப்படி இன்னும் ஏறக்குறைய ஆயிரம் புள்ளிகள் சேர்ந்திருக்கும்.

1975 ஜூனில் அவரே கேட்டுக்கொண்டபடி லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றப்பட்டார். முதல் வருஷம் லேக்கர்ஸ் 40 வெற்றி, 42 தோல்வி. பிளேஆஃபுக்கே தகுதி பெறவில்லை, ஆனாலும் எம்.வி.பி. அவருக்குத்தான். அந்த விருதை மொத்தம் ஆறு முறை வாங்கியிருக்கிறார். வேறு யாருக்கும் ஆறு இல்லை. 1979-ல் கார்டு மேஜிக் ஜான்சன் அணிக்கு வந்ததும் நிலைமை மாறியது. 1980 இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகி உள்ளே போனவர், திரும்பி வந்து மொத்தம் 40 புள்ளிகளோடு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். ஆறாவது ஆட்டத்துக்கு பிலடெல்பியா போகவே முடியவில்லை. அங்கே மேஜிக் 42 எடுத்துப் பட்டத்தையும் இறுதிச்சுற்று எம்.வி.பி.யையும் கொண்டுவந்தார். கரீம் அந்த ஐந்து ஆட்டங்களில் சராசரி 33.4. விருது நியாயமாக யாருக்குப் போயிருக்க வேண்டும் என்பது இன்னும் சண்டை போடலாம் என்கிற விஷயம்; என் ஓட்டு கரீமுக்கு.

1984 ஏப்ரல் 5, லாஸ் வேகாஸ். யூட்டா ஜாஸ் அணி அந்த சீசனில் சில ஆட்டங்களை அங்கே நடத்தியது. சேம்பர்லேனின் 31,419-ஐத் தாண்ட 22 புள்ளிகள் தேவை. நான்காவது கால்பகுதியில் மேஜிக்கிடமிருந்து பாஸ், எதிரே 2.24 மீட்டர் உயரமுள்ள மார்க் ஈட்டன், அவருக்கு மேலாக வலப்பக்கத்திலிருந்து ஸ்கை ஹுக். 31,421. தன்னைவிட உயரமானவர் தலைக்கு மேலேயே சாதனை ஷாட் போனது அந்த ஷாட்டின் வடிவியலுக்கு ஒரு நல்ல நிரூபணம். அப்போது அவருக்கு 36 வயது முடியும் நேரம். அதற்குப் பிறகும் ஐந்து சீசன் ஆடினார் என்பதை மறந்துவிடக் கூடாது. சுமார் 7,000 புள்ளிகள் இந்தச் சாதனைக்குப் பிறகு சேர்த்தவை.

அவருடைய ஆட்ட வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துச் சொல்லச் சொன்னால் 1985 இறுதிச்சுற்றைத்தான் சொல்வேன். முதல் ஆட்டம், மே 27: பாஸ்டன் 148, லேக்கர்ஸ் 114. கரீமுக்கு 38 வயது. 12 புள்ளிகள், 3 ரீபவுண்டுகள். பாஸ்டனின் ராபர்ட் பாரிஷ் ஒவ்வொரு முறையும் அவரை முந்திக்கொண்டு மறுபக்கம் ஓடினார், கரீம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கிழவன் முடிந்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் வீடியோ போட்டுப் பார்க்கும் கூட்டத்தில் பின்வரிசை வழக்கத்தை விட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார், பயிற்சியில் கூடுதலாக ஓடினார். இரண்டாவது ஆட்டத்துக்குப் போகும் அணிப் பேருந்தில் தன் அப்பாவையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். பயிற்சியாளர் பாட் ரைலி விதியைத் தளர்த்தி அனுமதித்தார். அன்றைய கணக்கு: 30 புள்ளிகள், 17 ரீபவுண்டுகள், 8 அசிஸ்டுகள் (புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்கள்), 3 பிளாக்குகள் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிட்டவை). லேக்கர்ஸ் தொடரை 4-2 என்று, அதுவும் பாஸ்டன் மைதானத்திலேயே, ஜெயித்தது. அதற்கு முன் இறுதிச்சுற்றில் எட்டு முறை பாஸ்டனிடம் தோற்ற அணி. இறுதிச்சுற்று எம்.வி.பி. கரீம். முதல்முறை வாங்கியதற்கும் இதற்கும் நடுவே 14 வருஷம்.

கடைசி மூன்று சீசன்களில் சராசரி 17.5, 14.6, 10.1 என்று சரிந்தது. நாற்பதை நெருங்கியும் தாண்டியும் ஆடியவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனால் 1988 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம் அந்தக் காலத்தில் வருகிறது. டெட்ராய்ட் 102-101 என்று முன்னே, தொடரிலும் 3-2 என்று முன்னே. 14 நொடிகள் மிச்சம். ஸ்கை ஹுக்குக்குத் திரும்பிய கரீம் மீது டெட்ராய்டின் பில் லைம்பியர் ஃபவுல் செய்ததாக விசில். (அது ஃபவுலே இல்லை என்று டெட்ராய்ட்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.) இரண்டு ஃப்ரீ த்ரோவும் உள்ளே, 103-102. ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்து ஆறாவது பட்டம். மற்ற நெட்டை ஆட்டக்காரர்கள் ஃப்ரீ த்ரோவில் சொதப்பிக்கொண்டிருந்தபோது இவருடைய மொத்த சதவீதம் 72. அந்த 6,712 புள்ளிகள் சும்மா வந்தவை அல்ல.

இவ்வளவு நல்ல ஷாட் என்றால் ஏன் இப்போது யாரும் போடுவதில்லை என்ற உபகேள்வியும் கூடவே வரும். மதிப்புக் கணக்கு இப்படி: கரீமின் மொத்த சதவீதம் 55.9, இரண்டு புள்ளி ஷாட்டை அந்த அளவுக்குப் போட்டால் ஒரு ஷாட்டுக்குச் சராசரி 1.12 புள்ளி. த்ரீ பாயிண்டரை 37 சதவீதம் போட்டால் 1.11. கிட்டத்தட்ட சமம். ஆனால் 37 சதவீதத்தைத் தொட அணிக்கு நாலைந்து பேர் கிடைப்பார்கள், ஹுக்கை 55 சதவீதத்துக்குக் கொண்டுவர ஒருவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம் வேண்டும். அதற்கும் மேல், நெட்டை ஆள் வளையத்தடியில் நின்றுகொண்டால் மற்றவர்கள் உள்ளே பாய்வதற்கான இடம் அடைபடுகிறது. இன்றைய பயிற்சியாளர்களுக்கு அது கசப்பு. மேஜிக் ஜான்சன் கரீமிடமே கற்று, 1987 இறுதிச்சுற்றின் நான்காவது ஆட்டத்தில் பாஸ்டனில் 107-106 என்று ஜெயிக்க வைத்த ஷாட் இதன் குட்டி வடிவம்தான். அவர் அதைக் கட்டத்தின் குறுக்கே ஓடியபடியே போட்டார்.

பழைய ஆட்டங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 1974 ஆறாவது ஆட்டத்தையும் 1985 இரண்டாவது ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பதினோரு வருஷ இடைவெளி. 1974-ல் அவர் எகிறுவது கூடுதல், எட்டு குட்டை. 1985-ல் எகிறலில் பாதி போய்விட்டிருக்கும். அதற்கு ஈடாக இடது கால் எட்டு நீண்டிருக்கும், டிஃபண்டரைத் தோளில் தாங்கி நிற்கும் நேரமும் கூடியிருக்கும். கேமரா பந்தின் பின்னால் மேலே போகும். நீங்கள் ஒருமுறை நிறுத்தி, திரும்ப ஓட்டி, அந்த இடது பாதம் எந்தக் கோணத்தில் தரையில் பதிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.